மருந்து வென்றது, பங்குதாரர் தோற்றார்: ஒரு மரபணுச் சிகிச்சை நிறுவனத்தின் கணக்கை வாசிப்பது எப்படி?

சில வாரங்களுக்கு முன் உறவுக்காரத் தம்பி ஒருவரிடமிருந்து குரல்பதிவு ஒன்று வந்தது. "அண்ணை, பரம்பரை நோயை ஒரே முறையில மாத்திற கம்பனி ஒண்டு இருக்கு. பரிசோதனை முடிவு நல்லா வந்திருக்காம். பங்கும் மலிவாத்தான் போகுது. வீட்டுக்கெண்டு சேர்த்த காசில கொஞ்சம் போடலாமெண்டு யோசிக்கிறன்."

இரண்டு வேலை செய்து, ஊருக்கும் அனுப்பி, மிச்சம் பிடித்த காசு அது. நிறுவனத்தின் கணக்கறிக்கையைப் பார்த்தாரா என்று கேட்டேன். "பாத்தனான் அண்ணை. நட்டமெண்டுதான் இருக்கு. ஆனா இப்பிடியான கம்பனியள் எல்லாம் நட்டத்திலதானே ஓடும்" என்றார்.

அவர் சொன்னதில் பாதி சரி. இப்படிப்பட்ட நிறுவனத்தில் நட்டம் என்ற எண் அதிகம் சொல்வதில்லை. ஆனால் அதே அறிக்கையில் வேறு சில எண்கள் உண்டு. அவை நிறுவனத்துக்கு இன்னும் எவ்வளவு காலம் இருக்கிறது என்பதைச் சொல்லும். மருந்து வேலை செய்வது ஒரு கணக்கு. அதைச் செய்த நிறுவனம் தாக்குப்பிடிப்பது இன்னொரு கணக்கு. இரண்டும் ஒன்றல்ல என்பதற்குப் புளூபேர்ட் பயோ என்ற அமெரிக்க நிறுவனத்தின் கதையை விடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கடினம்.

நிறுவனமும் நோயும்

1992 இல் ஜெனெடிக்ஸ் பார்மசூட்டிக்கல்ஸ் என்ற பெயரில் தொடங்கிய இந்த நிறுவனம், 2010 இல் புளூபேர்ட் பயோ எனப் பெயர் மாற்றிக்கொண்டது. தலசீமியா, அரிவாள்கல இரத்தசோகை, சிறு பையன்களின் மூளையைத் தாக்கும் ஓர் அரிய பரம்பரை நோய் ஆகியவற்றுக்கான சிகிச்சைகளே அதன் பிரதான முயற்சி. தலசீமியா எமக்குத் தூரத்து நோயல்ல. இலங்கையிலும் இந்தியாவிலும் மாதாமாதம் இரத்தம் ஏற்றி வாழும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

சிகிச்சை முறை இதுதான். நோயாளியின் உடலிலிருந்து இரத்தத்தை உருவாக்கும் தாய்க் கலங்களை எடுப்பார்கள். நோய் உண்டாக்காதபடி மாற்றிய வைரஸ் ஒன்றின் உதவியுடன் சரியான மரபணுவை அவற்றுக்குள் செலுத்துவார்கள். பின் கடும் மருந்து கொடுத்து எலும்பு மச்சையில் இடம் ஒதுக்கி, அந்தக் கலங்களைத் திரும்ப ஏற்றுவார்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியாகச் செய்யவேண்டிய வேலை. எடுப்பதற்கும் ஏற்றுவதற்கும் இடையில் மாதங்கள் போகும்.

மருந்து மனிதர்களில் பரிசோதிக்கப்படுகிறது, ஆனால் இன்னும் விற்பனைக்கு வரவில்லை என்ற நிலையில் இருக்கும் நிறுவனத்தையே மருத்துவப் பரிசோதனைக் கட்ட நிறுவனம் என்பார்கள். விற்பனையில்லை. செலவு மட்டும் ஆண்டுக்கு ஆண்டு கூடும். அப்படியானால் காசு எங்கிருந்து வருகிறது?

பங்கு விற்ற காசில் எரியும் அடுப்பு

புளூபேர்ட் 2013 ஜூனில் அமெரிக்கப் பங்குச்சந்தைக்கு வந்தது. ஆரம்ப விலை ஒரு பங்கு 17 டொலர். நல்ல பரிசோதனைச் செய்திகள் வர வர விலை ஏறி, 2018 தொடக்கத்தில் 200 டொலரைத் தாண்டியது. அப்போது நிறுவனத்தின் சந்தைப் பெறுமதி 10 பில்லியன் டொலருக்கு மேல். அன்றைக்கும் அமெரிக்காவில் விற்பதற்கு அதனிடம் ஒரு மருந்தும் இருக்கவில்லை.

விலை உயர்ந்திருக்கும்போதெல்லாம் நிறுவனம் புதிய பங்குகளை வெளியிட்டுக் காசு திரட்டியது. இது தவறல்ல. வருமானம் இல்லாத நிறுவனத்துக்கு வங்கி இலேசில் கடன் கொடுக்காது. ஆனால் பங்கு வைத்திருப்பவர் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். 100 பங்குகள் உள்ள நிறுவனத்தில் உங்களிடம் 10 இருந்தால் உங்கள் பாகம் பத்தில் ஒன்று. நிறுவனம் இன்னும் 100 பங்குகளை வேறு ஆட்களுக்கு விற்றால் உங்களிடம் அதே 10 தான் இருக்கும், பாகம் இருபதில் ஒன்றாகும். நீங்கள் எதையும் விற்கவில்லை, ஆனால் உங்கள் பங்கு நீர்த்துவிட்டது. ஊரில் ஒரு காணிக்கு உரித்தாளர் கூடக் கூடத் துண்டு சிறுப்பதைப் போன்றது இது.

செலவு எழுதப்படும், மருந்து எழுதப்படாது

ஊரில் உயர்தரத்தில் வர்த்தகம் படித்தவர்களுக்கு ஐந்தொகை நினைவிருக்கும். இயந்திரம் வாங்கினால் அது சொத்து. அதன் விலையை ஒரே ஆண்டில் செலவாக எழுதாமல், ஆண்டுதோறும் பெறுமானத்தேய்வாகக் கழிப்போம்.

ஆராய்ச்சிக்கு அந்தச் சலுகை இல்லை. அமெரிக்கக் கணக்கீட்டு நியமத்தின்படி, 1974 முதல், ஆராய்ச்சிக்கும் அபிவிருத்திக்கும் போகும் காசு அது செலவான காலத்திலேயே முழுவதும் செலவாக எழுதப்படவேண்டும். ஐரோப்பாவில் பின்பற்றப்படும் சர்வதேச நியமம் சற்று வேறு. அங்கும் ஆராய்ச்சி உடனே செலவுதான். அபிவிருத்திச் செலவு மட்டும் ஆறு நிபந்தனைகள் நிறைவேறினால் சொத்தாகலாம். மருந்து நிறுவனங்கள் பெரும்பாலும் அரச அனுமதி கிடைக்கும் வரை அந்த நிபந்தனைகள் நிறைவேறியதாகக் கொள்வதில்லை.

விளைவு என்ன? 2019 இல் புளூபேர்ட் காட்டிய நட்டம் கிட்டத்தட்ட 790 மில்லியன் டொலர். அதில் 580 மில்லியனுக்கு மேல் ஆராய்ச்சிச் செலவு. அந்தக் காசில் உருவான அறிவு ஐந்தொகையில் எங்கும் சொத்தாக இல்லை. அதேவேளை, பயனற்றுப் போகப்போகும் பரிசோதனைக்கு இறைத்த காசும் இதே வரியில், இதே நிறத்தில்தான் நிற்கும். நல்ல செலவையும் வீண் செலவையும் கணக்கு பிரித்துக் காட்டாது. நட்டம் அதிகம் சொல்வதில்லை என்று மேலே எழுதியதன் காரணம் இதுதான்.

வருமானம் போலத் தெரிவது

விற்பனை இல்லாத நிறுவனத்தின் கணக்கிலும் சில வேளை வருமானம் என்றொரு வரி இருக்கும். பார்த்துவிட்டு மகிழ்ந்துவிடக்கூடாது. 2013 இல் செல்ஜீன் என்ற பெரிய மருந்து நிறுவனம், புற்றுநோய் ஆராய்ச்சியில் கூட்டுச் சேர்வதற்காகப் புளூபேர்டுக்கு 75 மில்லியன் டொலர் முற்பணம் கொடுத்தது. காசு அன்றே வங்கிக்கு வந்துவிடும். ஆனால் அதற்காகச் செய்யவேண்டிய வேலை முடியவில்லை. ஆகவே அது முதலில் பொறுப்பாக ஐந்தொகையில் ஏறி, வேலை நடக்க நடக்கச் சிறிது சிறிதாக வருமானமாக மாறும். அடுத்தடுத்த ஆண்டுகளில் வருமானம் என்று தெரிவதில் ஒரு பகுதி, எப்போதோ வாங்கிச் செலவழித்த காசாக இருக்கலாம்.

மாறாக, காசு வெளியே போகாமல் செலவாகத் தெரிவதும் உண்டு. ஊழியருக்குச் சம்பளத்தின் ஒரு பகுதியாகப் பங்கு உரிமை கொடுப்பார்கள். அதன் பெறுமதி செலவாக எழுதப்படும், காசு குறையாது. அந்தப் பாரத்தைச் சுமப்பவர் பாகம் நீர்த்துப்போகும் பழைய பங்குதாரர்.

இன்னொன்று அட்டுறு செலவு. பல வைத்தியசாலைகளில் பரிசோதனை நடக்கும். ஆண்டு முடியும்போது எல்லாச் சிட்டைகளும் வந்திருக்காது. எத்தனை நோயாளிகள் சேர்ந்தார்கள், வேலை எவ்வளவு முடிந்தது என்று முகாமைத்துவம் மதிப்பிட்டு ஓர் எண்ணை எழுதும். அது நேர்மையான மதிப்பீடாக இருக்கலாம், ஆனால் மதிப்பீடுதான். ஒரு காலாண்டு நட்டம் கொஞ்சம் குறைந்தது என்பதை வைத்து முடிவெடுக்க முடியாது.

குத்தகையில் வந்த வில்லங்கம்

கணக்கீட்டுக் கொள்கை என்பது அறிக்கையின் பின்பக்கத்தில் கிடக்கும் சலிப்பான பகுதி என்று நினைப்பவர்களுக்கு இது.

புளூபேர்ட் தன் சிகிச்சைகளை வேறு நிறுவனங்களின் தொழிற்சாலைகளில் ஒப்பந்தத்துக்குச் செய்வித்தது. அப்படியான ஒப்பந்தத்தில் ஒரு குறிப்பிட்ட உற்பத்தி அறையும் கருவிகளும் உங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டால், பத்திரத்தில் குத்தகை என்ற சொல் இல்லாவிட்டாலும் கணக்கீட்டில் அதற்குள் ஒரு குத்தகை ஒளிந்திருக்கிறது. அமெரிக்கச் சந்தையில் உள்ள நிறுவனங்கள் 2019 முதல் இவற்றையும் சொத்தாகவும் பொறுப்பாகவும் ஐந்தொகையில் காட்டவேண்டும்.

2024 மார்ச்சில் புளூபேர்ட் ஓர் அறிவித்தல் விடுத்தது. இந்த ஒளிந்த குத்தகைகளைக் கையாண்டதில் பிழை இருக்கிறது, 2022 ஆம் ஆண்டுக் கணக்கையும் 2023 இன் முதல் மூன்று காலாண்டுக் கணக்குகளையும் நம்பவேண்டாம், திருத்தி வெளியிடுவோம் என்றது. வங்கியில் இருந்த காசு இதனால் மாறவில்லை. களவு நடந்ததாகவும் யாரும் சொல்லவில்லை. ஆனால் 2023 ஆண்டறிக்கை மாதக்கணக்கில் தாமதித்து, 2024 செப்டெம்பரில்தான் வந்தது. காசு திரட்டியே உயிர்வாழும் நிறுவனத்துக்கு, நம்பத்தக்க கணக்கைக் காட்டமுடியாத ஒவ்வொரு மாதமும் கழுத்தில் ஏறும் பாரம்.

தொடர்ந்தியங்குமா?

கணக்கீட்டில் தொடர்ந்தியங்கும் எண்ணக்கரு என்று படித்திருப்போம். நிறுவனம் நாளையும் இயங்கும் என்ற நம்பிக்கையில்தான் கணக்கே எழுதப்படுகிறது. அமெரிக்க விதிப்படி, அறிக்கை வெளியாகும் நாளிலிருந்து ஓராண்டுக்கு நிறுவனம் தாக்குப்பிடிக்குமா என்று முகாமைத்துவம் ஆராயவேண்டும். பலத்த ஐயம் இருந்தால் அதை எழுத்தில் சொல்லியாகவேண்டும்.

புளூபேர்ட் அந்த வசனத்தை 2022 மார்ச்சில் எழுதியது. அடுத்த மாதம் ஊழியர்களில் சுமார் 30 வீதத்தினரைக் குறைப்பதாக அறிவித்தது. அதே 2022 இல்தான் அமெரிக்காவில் அதன் இரண்டு மருந்துகளுக்கு அனுமதியும் கிடைத்தது. ஓகஸ்டில் தலசீமியாவுக்கான சின்டெக்லோ, விலை 2.8 மில்லியன் டொலர். செப்டெம்பரில் மூளை நோய்க்கான ஸ்கைசோனா, விலை 3 மில்லியன் டொலர். செய்திகளில் வெற்றி, கணக்கறிக்கையில் ஐயம். இரண்டும் ஒரே ஆண்டில், இரண்டும் உண்மை.

அனுமதி கிடைத்த பின்னும்

இவ்வளவு விலை வைத்தும் ஏன் காசு போதவில்லை? ஐரோப்பாவில் நடந்ததைப் பார்க்கலாம். சின்டெக்லோவுக்கு அங்கு 2019 இலேயே நிபந்தனையுடன் அனுமதி கிடைத்தது. விலை 1.575 மில்லியன் யூரோ. ஐந்து ஆண்டுத் தவணையில் கட்டலாம், சிகிச்சை பலனளிக்காவிட்டால் பின்னைய தவணைகள் கட்டவேண்டாம் என்பது நிறுவனத்தின் யோசனை. நோயாளிக்கும் காப்புறுதிக்கும் நியாயமான ஏற்பாடு. நிறுவனத்துக்கோ செலவு இன்றைக்கு, வரவு ஐந்து ஆண்டில். அதற்கும் ஜேர்மனியுடன் விலைப் பேச்சு சரிவரவில்லை. 2021 இல் முதலில் ஜேர்மனியிலிருந்தும் பின் ஐரோப்பா முழுவதிலிருந்தும் புளூபேர்ட் வெளியேறியது. அனுமதி பெற்ற மருந்து, வாங்குவாருடன் விலை பொருந்தாததால் அங்குள்ள பிள்ளைகளுக்கு இல்லாமற் போனது.

அமெரிக்காவிலும் நோயாளியின் கலங்களை எடுத்து, பதப்படுத்தி, திரும்ப ஏற்றிய பிறகே வருமானம் கணக்கில் ஏறும். அதுவரையான மாதங்களின் செலவை நிறுவனம் கையிலிருந்து போடவேண்டும். 2023 இல் மொத்த வருமானம் சுமார் 30 மில்லியன் டொலர். நட்டம் 200 மில்லியனுக்கு மேல்.

இடைவெளியை நிரப்ப நிறுவனம் ஒரு விசித்திரமான சொத்தை விற்றது. சிறுவர்களின் அரிய நோய்க்கு மருந்து கண்டால் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒரு முன்னுரிமைப் பத்திரம் கொடுக்கும். அதை வைத்திருப்பவர் வேறொரு மருந்தின் பரிசீலனையை விரைவுபடுத்தலாம். அதை விற்கவும் முடியும். புளூபேர்ட் தன் இரண்டு பத்திரங்களை 102 மில்லியனுக்கும் 95 மில்லியனுக்கும் விற்றது. கணக்கில் பெரிய இலாபமாக அது தெரியும். ஆனால் ஒருமுறை மட்டும் வரும் இலாபம்.

2023 டிசம்பர் 8 அன்று அரிவாள்கல இரத்தசோகைக்கான லிப்ஜீனியா அனுமதி பெற்றது. விலை 3.1 மில்லியன் டொலர். மூன்றாவது பத்திரமும் கிடைக்கும் என்று எதிர்பார்த்து, அதை விற்க ஒப்பந்தமும் செய்திருந்தார்கள். பத்திரம் கிடைக்கவில்லை. இரத்தப் புற்றுநோய் பற்றிய கடும் எச்சரிக்கையும் மருந்துடன் சேர்ந்து வந்தது. அதே நாளில் அதே நோய்க்கு வெர்டெக்ஸ் நிறுவனத்தின் காஸ்ஜெவியும் 2.2 மில்லியன் விலையில் அனுமதி பெற்றது. வெர்டெக்ஸுக்கு வேறு மருந்துகளிலிருந்து அந்த ஆண்டில் கிட்டத்தட்ட 10 பில்லியன் டொலர் வருமானம். அதனால் காத்திருக்க முடியும், புளூபேர்டால் முடியாது.

அனுமதி கிடைத்து இரண்டு கிழமை முடிவதற்குள் புளூபேர்ட் 83 மில்லியனுக்கு மேற்பட்ட புதிய பங்குகளை வெளியிட்டது. விலை ஒன்றரை டொலர்.

கடைசிக் கணக்கு

2024 டிசம்பரில் 20 பழைய பங்குகள் ஒரு புதிய பங்காகச் சுருக்கப்பட்டன. விலை மிகத் தாழ்ந்த நிறுவனங்கள் சந்தையில் நீடிக்கச் செய்யும் வேலை இது. 2025 பெப்ரவரியில் கார்லைல், எஸ்.கே. கெப்பிட்டல் ஆகிய முதலீட்டு நிறுவனங்கள் வாங்க முன்வந்தன. ஜூனில் கைமாறியபோது பங்குதாரர் இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யலாம் என்றிருந்தது. ஒன்று, பங்குக்கு 4.975 டொலர் கைக்காசு. மற்றது, 3 டொலரும், எதிர்கால விற்பனை ஓர் இலக்கைத் தொட்டால் இன்னும் 6.84 டொலரும்.

கைக்காசையே கணக்குக்கு எடுப்போம். 4.975 ஐ 20 ஆல் வகுத்தால் பழைய பங்குக்குச் சுமார் 25 சதம். நியாயமாக இன்னொன்றையும் கூட்டவேண்டும். 2021 நவம்பரில் புற்றுநோய்ப் பிரிவு 2செவன்டி பயோ என்று பிரிந்தபோது, மூன்று பங்குக்கு ஒன்று வீதம் அதன் பங்கும் கிடைத்தது. அது 2025 இல் 5 டொலருக்கு விலைபோனது. ஆகவே ஒரு பழைய பங்குக்கு மேலும் ஏறத்தாழ 1.67 டொலர். மொத்தம் 2 டொலருக்கும் குறைவு. 2013 இல் 17 டொலர் கொடுத்து வாங்கி இறுதிவரை நம்பி வைத்திருந்தவரின் கணக்கு இது. 2018 இல் 200 கொடுத்தவரின் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

மூன்று மருந்துகளும் அமெரிக்காவில் இன்றும் அனுமதியுடன் இருக்கின்றன. மாதாமாதம் இரத்தம் ஏற்றுவதிலிருந்து விடுபட்ட நோயாளிகள் இருக்கிறார்கள். பங்குதாரரின் காசு முற்றிலும் வீணானது என்று சொல்லமுடியாது. அது மருத்துவமாக மாறியது, அவர்களின் இலாபமாக மாறவில்லை.

நாம் பார்க்கவேண்டிய நான்கு விடயங்கள்

முதலாவது, கையிலுள்ள காசும் இலகுவில் காசாக்கக்கூடிய முதலீடுகளும் எவ்வளவு? காசுப்பாய்ச்சல் கூற்றில் செயற்பாடுகளுக்காக ஒரு காலாண்டில் வெளியேறியது எவ்வளவு? முன்னையதைப் பின்னையதால் வகுத்தால் எத்தனை காலாண்டு மிச்சம் என்று தெரியும்.

இரண்டாவது, அடுத்த முக்கிய பரிசோதனை முடிவு எப்போது? அது காசு தீர்வதற்குப் பின்னர் என்றால், அதற்கு முன் புதிய பங்கோ கடனோ வந்தே தீரும்.

மூன்றாவது, மூன்று ஆண்டுக்கு முன் எத்தனை பங்குகள், இப்போது எத்தனை? இடையில் சுருக்கியிருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள்.

நான்காவது, தொடர்ந்தியங்குவதில் பலத்த ஐயம் என்ற வசனம் இருக்கிறதா, முன்னைய கணக்குகள் திருத்தப்பட்டனவா? இந்த இரண்டையும் குறிப்புகளில் தேடுங்கள். கண்டால் மற்றப் பக்கங்களை இரட்டைக் கவனத்துடன் வாசியுங்கள்.

குடும்பத்தில் பரம்பரை நோயுள்ள பிள்ளை இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த மருந்து வரவேண்டும் என்ற ஆசையில் அந்த நிறுவனத்தின் பங்கை வாங்காதீர்கள். உங்கள் சேமிப்பு அந்தப் பிள்ளைக்கு இன்றைக்குத் தேவைப்படலாம். பரிசோதனையில் சேரமுடியுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். அதற்குப் பங்கு வைத்திருக்கவேண்டிய அவசியம் இல்லை.

தம்பிக்கு முதல் இரண்டு கேள்விகளை மட்டும் அனுப்பினேன். மறுநாள் இரவு பதில் வந்தது. "அண்ணை, வகுத்துப் பாத்தன். மூண்டு காலாண்டுக்குத்தான் காசு இருக்கு. அடுத்த முடிவு வர ஒரு வருசத்துக்கு மேல செல்லுமாம்."

வாங்கு என்றோ வாங்காதே என்றோ நான் சொல்லவில்லை. வீட்டுக் காசு இப்போதும் வங்கியில்தான் இருக்கிறதாம். அந்த நிறுவனத்தின் மருந்து நல்லபடி வரட்டும் என்றுதான் இருவரும் விரும்புகிறோம்.